நின்றுபோன எந்திரத்தின் நிழல்

அத்தியாயம் 19

ஷிப்ட் பஸ் நெய்வேலி இருபத்தோராம் பிளாக் முனையில் நின்றபோது காலை ஆறு முப்பத்தைந்து. சைமன்ராஜ் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எறங்குங்க. ஸ்டாப்பிங் வந்துட்ச்சி."

பின்சீட்டிலிருந்து குழந்தைவேல் தோளைத் தொட்டான். சைமன்ராஜின் இடது காது ஏறக்குறைய மந்தம். முப்பத்தோரு வருடம் மண் தோண்டும் ராட்சச எந்திரத்தின் கேபினில் உட்கார்ந்ததற்கு அந்தக் காதுதான் சாட்சி. அதனால் அவரிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் தொட்டுவிட்டுத்தான் பேசுவார்கள்.

இறங்கினார். கூடவே குழந்தைவேலும் இறங்கினான். அவன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். பைக்கை இந்த முனையில்தான் நிறுத்திவைப்பான்.

"இத வாங்கிக்குங்கண்ணே." ஈரத்துணி சுற்றிய ஒரு பையை நீட்டினான். "சம்பங்கி. எங்க கொல்லையில பூத்தது. நேத்து சாயந்திரமே பறிச்சி வச்சிகினு வந்தேன். தம்பிக்கு."

சைமன்ராஜ் பையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"பூசைக்கு நானும் வரட்டுங்களா? ஓரமா நின்னுக்கறேன்."

ஒரு கார், ஒரு சைக்கிள், பால் வண்டி எல்லாம் கடந்துபோயின. குழந்தைவேல் பையைப் பக்கத்திலிருந்த காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தான். துக்கத்தில் இருக்கிறவர் பக்கத்தில் வண்டிச் சத்தம் வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வாரந்தோறும் இந்தக் குடும்பத்தோடு நடந்துவரும் உங்களுக்கு இது என்ன நாள் என்று தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இதே ஜூலை மாதத்தில், இதே தேதியில், சைமன்ராஜின் மகன் கிளமென்ட் இறந்துபோனான். இருபத்துநாலு வயது. டிப்ளமா முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை, ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சொல்லி, தன் எந்திரம் நிற்கிற இடத்திலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அப்பாதான்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் மரம் கிடையாது. உச்சி வெயிலில் நிழல் என்று இருப்பது எந்திரத்தின் 'பூம்' ஒன்றுதான். மண் அள்ளும் வாளிகள் சுற்றிலும் பொருத்திய பெரிய சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கை அது. அதன் கீழே யாரும் போகக்கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் எந்திரம் நின்றதும் பையன்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த நிழலுக்குப் போய்விடுவார்கள். சைமன்ராஜ் டியூட்டியில் இருந்தால் கேபினை விட்டு வெளியே வந்து, ஸ்பேனரால் கைப்பிடிக் கம்பியில் டங் டங்கென்று தட்டுவார். "எந்திரிங்கடா! தள்ளிப் போங்கடா!" பையன்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

அன்று அவர் டியூட்டியில் இல்லை. மகள் ஜெனிஷாவின் விசா விஷயமாகச் சென்னைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கேபினில் இருந்தவன் குழந்தைவேல். எந்திரம் நின்றிருந்தது. சாப்பிட்டுவிட்டு நிழலில் கண்ணயர்ந்த கிளமென்டின் மேல், சக்கரத்தின் வாளியில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒரு களிமண் பாளம் நழுவி விழுந்தது. அவ்வளவுதான்.

விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று வந்தது. அது உண்மையும்கூட. யார் மேலும் தப்பில்லாத சாவு, மிச்சமிருக்கிற ஒவ்வொருவர் மேலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நாற்பது நாள் கழித்து ஜெனிஷா ஜெர்மனிக்குப் படிக்கப் போனாள். தோண்டி முடித்த சுரங்க நிலத்தை மறுபடி மரம் முளைக்கிற மண்ணாக்கும் படிப்பு. விமான நிலையத்தில் அம்மாவை மட்டும் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பத்து மாதமாக அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'அவனை அங்கே சேர்த்துவிட்ட என்னை அவள் மன்னிக்கவில்லை' என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். மகள் என்ன நினைத்தாள் என்பது, இந்தக் காலை வரை, யாருக்கும் தெரியாது.

சுவரின் மேலிருந்த பையை, குழந்தைவேலின் பைக் கண் மறைந்த பிறகு, சைமன்ராஜ் எடுத்துக்கொண்டார்.

*

வீட்டில் அவர் மனைவி லூசியம்மாள் காபிக்குப் பால் வைத்திருந்தாள். பக்கத்து ஜன்னல் மேடையில் செல்போன்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மகள் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற ஒவ்வொரு செய்தியையும், லூசியம்மாள் சமையற்கட்டில் நின்றுகொண்டு, சத்தத்தை முழுக்கத் தூக்கிவைத்துக் கேட்பாள். அவள் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஹாலில் பேப்பர் பார்க்கிற சைமன்ராஜ் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் ஹாலுக்கு வருகிறவரைக்கும் அவள் செய்தியைத் திறக்கவும் மாட்டாள்.

இப்படித்தான் பத்து மாதமாக அவர் ஜெர்மனியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடைகூடத் திறக்காத ஊர். மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பர். சிக்னலில் ஒரு வண்டியும் வராதபோதும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிற மனிதர்கள். ஈஸ்டர் நள்ளிரவில் கோயில் வாசலில் நெருப்பு மூட்டி, அதில் ஏற்றிய மெழுகுதிரியை அணையாமல் வீடு வரைக்கும் கொண்டுபோகிற ஒரு குடும்பம், இவளுக்கும் ஒரு திரியைக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் "அம்மா, அம்மா" என்றுதான் வரும். அப்பா என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவர் செருப்பை விட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும், லூசியம்மாள் போனைத் தொட்டாள்.

"அம்மா... இங்க இப்ப ராத்திரி பன்னெண்டரை. நீ எழுந்திரிச்சதும் கேப்ப. ஏழு மணிக்கு மேல ரோட்ல ஒரு ஆள் இருக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்ல? சனிக்கிழமை மட்டும் எங்கிருந்துதான் வர்றாங்களோ. டிராம்ல நிக்க எடமில்ல. ஆளுக்கு ஒரு பீர் பாட்டில். ஒரே பாட்டு, கூச்சல். ஒரு வயசான அம்மா ஏறினாங்க. அப்படியே பாட்டு நின்னுபோச்சும்மா. எடம் குடுத்து, அவங்க பைய வாங்கி வச்சுக்கிட்டு, அவங்க எறங்கினதும் விட்ட எடத்துலேருந்து பாடறானுங்க."

பின்னால் தூரத்தில் திம் திம் என்று ஏதோ அடித்துக்கொண்டிருந்தது.

"குடிச்ச பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள்ள போடறதில்ல. தொட்டிக்குப் பக்கத்துல வரிசையா நிக்க வைக்கறாங்க. ஏன்னு கேட்டேன். காலி பாட்டிலைப் பொறுக்கறவங்க தொட்டிக்குள்ள கைய விட்டுத் துழாவ வேண்டி வரக்கூடாதாம். தள்ளாடறவன்கூட அதை மறக்கல. அப்பறம் உள்ள போறப்ப மணிக்கட்டுல ஒரு முத்திரை குத்தினாங்க. பேர் கேக்கல, எந்த ஊருன்னு கேக்கல. காதுல அடைச்சுக்க மஞ்சள் கட்டை ரெண்டு குடுத்தாங்க. பஞ்சு மாதிரி இருக்குமே... அப்பா சட்டைப் பாக்கெட்ல இருக்குமே, அதே."

ஹாலில் பேப்பர் சரசரத்தது. லூசியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவை அடையாளம் மட்டும் போட்டுக்கொண்டாள்.

"யாரும் யாரையும் பாக்கறதில்லம்மா. அவங்கவங்க கண்ண மூடிக்கிட்டுத் தனியா ஆடறாங்க. நம்ம தேர் பின்னாடி போறப்ப யார் வந்தாங்க, யார் வரல, என்ன பொடவைன்னு பாத்துக்கிட்டே போவோம்ல? இங்க அது கெடையாது. அழுதாக்கூட யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. எனக்கு இன்னைக்கு அது வசதியா இருக்கு."

கொஞ்ச நேரம் திம் திம் மட்டும்.

"எங்க வந்திருக்கேன்னு சொல்லலயே. இது ஒரு பழைய சுரங்கம்மா. நம்ம ஊர் மாதிரியே பழுப்பு நிலக்கரி. எல்லாத்தையும் தோண்டி முடிச்சுட்டு, பள்ளத்துல தண்ணிய நெரப்பி ஏரியாக்கிட்டாங்க. கரையில எந்திரத்த மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்காங்க. அதுக்குக் கீழதான் ஆட்டம். வீடியோ அனுப்பறேன். இன்னைக்கு ரூம்ல தனியா இருக்க முடியலம்மா. தப்பா நெனைக்காத. அண்ணன் பூசைய... நீ பாத்துக்கோ."

முடிந்தது.

லூசியம்மாள் அடுப்பை அணைத்தாள். "இன்னைக்கா?" என்றாள், ஜன்னலைப் பார்த்து. "வருஷத்துல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்கு. இன்னைக்கா ஆட்டம் நடக்கிற எடத்துக்குப் போவணும்?"

அதை யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். எட்டு மணிக்குப் பூசை.

போன் ஜன்னல் மேடையிலேயே இருந்தது.

*

சைமன்ராஜ் பத்து மாதத்தில் முதல்முறையாக அந்தப் போனைக் கையில் எடுத்தார். வீடியோவைத் தொட்டார்.

முதலில் இருட்டு. பிறகு நீலமும் சிவப்புமாக வெளிச்சம். வெளிச்சத்தில் எழுந்துவந்தது அவருடைய எந்திரம். அதே தாங்கு கம்பிகள், அதே உயரத்தில் அதே கேபின், அதே சக்கரம். சுற்றிலும் வாளிகள். வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி மேலேறி வந்தன. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பூம் தாழ்ந்திருந்தது. போனிலிருந்து வந்த திம் திம் சத்தம் அவருடைய பழுதான காதுக்குக் கன்வேயர் உருளைகளின் சத்தமாகக் கேட்டது.

அதன் கீழே ஜனங்கள். நூற்றுக்கணக்கில். கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

கடைசி நொடியில் படம் திரும்பியது. ஜெனிஷாவின் முகம். அவள் தலைக்கு நேர் மேலே வாளி.

வேறு யார் பார்த்திருந்தாலும் அது கலர் விளக்கு விளையாட்டு என்று தெரிந்திருக்கும். ஓடுகிற வெளிச்சத்தை வாளிகள்மேல் வரிசையாகப் பாய்ச்சினால் சக்கரமே சுற்றுவதுபோல இருக்கும் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லியிருக்கும். முப்பத்தோரு வருடம் அந்தச் சக்கரத்தோடு இருந்தவருக்குத்தான் அது தெரியவில்லை.

விரல், அழைக்கிற பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை பிடித்தது.

"அம்மா?" என்றது போன். பின்னால் பெரும் இரைச்சல்.

"பூமுக்குக் கீழ நிக்காத!"

பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"தள்ளி வா! ஜெனி! வீல் ஓடுது பாரு, தள்ளி வா! கேபின்லேருந்து பாத்தா கீழ இருக்கறது தெரியாது பாப்பா! ஆபரேட்டருக்கு உன்னத் தெரியாது! வந்துடு, வெளிய வந்துடு!"

"...அப்பா?"

"வாடீ வெளிய!"

"அப்பா... அப்பா, ஓடலப்பா. அது லைட்டு. லைட்ட அப்படி அடிக்கறாங்க. மெஷின் ஓடல. இது நின்னு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுப்பா."

"நின்ன மெஷின்தான்..."

நின்ற எந்திரம்தான் கிளமென்டையும் கொன்றது. அது இருவருக்கும் தெரியும்.

இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"இங்க ஒருத்தர் இருக்காருப்பா" என்றாள். "எழுபது வயசிருக்கும். முன்னாடி இதே மெஷின்ல ஆபரேட்டராம். ராத்திரி பூரா கையில டார்ச்ச வச்சுக்கிட்டு, பூமுக்குக் கீழ யார் நின்னாலும் போய்த் தள்ளி நிக்க வைக்கறாரு. யாரும் அவரைச் செய்யச் சொல்லல. எல்லாரும் சிரிக்கறாங்க. அவர் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்காரு. என்னை மூணு தடவை தள்ளிவிட்டாரு. மூணு தடவையும் நான் திரும்பப் போய் அங்கயே நின்னேன்."

"ஏன்?"

"அண்ணன் படுத்திருந்தப்ப மேல என்ன தெரிஞ்சிருக்கும்னு பாக்கணும்னு."

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. இரும்பு. ஓரத்துல கொஞ்சம் வானம்."

நெய்வேலியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே விடியவில்லை. ஒரு நாய் எங்கோ குரைத்தது. அது எந்த ஊர் நாய் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? பத்து மாசமா கேக்கணும்னு இருக்கு. கேக்கப் பயந்துதான் உங்ககூடப் பேசவே இல்ல."

"கேளு."

"அன்னைக்கு நீங்க லீவு போட்டது எனக்காக. என் விசாவுக்காக. நீங்க டியூட்டியில இருந்திருந்தா கம்பியத் தட்டியிருப்பீங்க. அவன் எழுந்து ஓடியிருப்பான். என்னாலதான்னு நீங்க நெனச்சீங்கதானேப்பா?"

பாருங்கள், எத்தனை சின்ன வேலை அது. 'இல்லம்மா' என்று ஒரு வார்த்தை. அப்பாக்கள் அதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் பிள்ளைகளுக்காகச் சொல்லியிருக்கிறார்கள்; ஆண்டவர் அவற்றைக் கணக்கில் வைக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். சைமன்ராஜும் வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தவருக்கு அந்த நினைப்பு அங்கே இருப்பது தெரிந்துவிட்டது. சென்னையில், விசா ஆபீஸ் வரிசையில், சுரங்கத்திலிருந்து போன் வந்தபோது, பக்கத்தில் ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்ற மகளை அவர் ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தார். அவள் மறக்கவில்லை.

போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சரிப்பா" என்றாள் ஜெனிஷா. அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "தள்ளி வந்துட்டேன். புல்லுல நிக்கறேன். மேல ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட பூசைக்கு நேரமாயிடுச்சுன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

ஈரத் தலையோடு லூசியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"என்ன சொன்னா?"

அவர் சொன்னார். மறைக்காமல், தன்னால் பதில் சொல்ல முடியாததையும் சேர்த்து.

லூசியம்மாள் இருபத்தெட்டு வருடத்தில் புருஷனிடம் குரல் உயர்த்தியவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்லங்க" என்றாள். "ஒத்தப் புள்ளதான் மிச்சம்."

*

இருவரும் பூசைக்குக் கிளம்பிக் கேட்டைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"என்ன லூசி, காலங்காத்தால அண்ணன் சத்தம் போட்டாரு? ஜெனிகிட்டயா?"

"ஆமாக்கா."

"போடட்டும், போடட்டும். எழுந்ததும் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். கலர் லைட்டும் ஆட்டமுமா. கூடப் பொறந்தவன் தெவசத்தன்னைக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நமக்கு எதுக்கு. அந்த ஊரு வழக்கம் அப்படியோ என்னமோ."

லூசியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். காலையில் ஜன்னலைப் பார்த்து அவளே கேட்ட கேள்விதான் இது. அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவ ஆடப் போவலக்கா. அவனத் தேடிக்கினு போயிருக்கா."

கஸ்தூரியம்மாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் லூசியின் முகத்தைப் பார்த்து, மேற்கொண்டு கேட்கவில்லை.

"சரி. வந்ததும் அடுப்பு மூட்டாத. இட்லி ஊத்தி வச்சிருக்கேன், சாம்பாரும் இருக்கு. வெங்காயம் போடல, நீ இன்னைக்கு எப்படியோன்னு. நேரா இங்க வந்துடுங்க ரெண்டு பேரும்" என்றாள். ஒரே வாயிலிருந்துதான் முள்ளும் வருகிறது, இட்லியும் வருகிறது. மனிதரை வெறுத்துவிடாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

பூசையில் கிளமென்டின் பெயரை வாசித்தார்கள். வேறு மூன்று பேரின் பெயர்களோடு சேர்த்து, நாலாவதாக. ஒரு நொடிதான். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். சைமன்ராஜ் பெஞ்சிலேயே இருந்தார். ஒரு வருடமாக அப்படித்தான். லூசியம்மாள் திரும்பி வந்து முழங்காலில் நின்றபோது, அவருடைய உதடு அசைவதைப் பார்த்தாள். ஜெபம் என்று நினைத்தாள். அவர் 'இல்லம்மா, இல்லம்மா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமில்லாத இடத்தில் சுலபமாக வந்தது. அப்போதும் அது பொய்யாகத்தான் இருந்தது.

*

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சுட்டது. கிளமென்டின் கல்லறை புதிய வரிசையில் கடைசி. அதற்குப் பக்கத்தில் இன்னும் மண் வெட்டாத இடம். மெழுகுதிரிகள் ஏற்றியதும் காற்றில் அணைந்தன. லூசியம்மாள் மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தன.

வெளிச்சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் பைக்கோடு ஒருவன் நின்றிருந்தான். குழந்தைவேல். சட்டை மாற்றி, தலைக்குக் குளித்து, தூங்காமல் வந்திருந்தான். உள்ளே வரவில்லை. சைமன்ராஜ் அவனைப் பார்த்தார். 'வா' என்று கையை ஒரு தடவை அசைத்தால் போதும். கை எழவில்லை. ஆனால் பையிலிருந்து சம்பங்கியை எடுத்து, அவன் பார்க்கும்படியாக, சிலுவையின் அடியில் வைத்தார். அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான். குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

தூரத்தில் சுரங்கத்தின் எந்திரச் சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது கேட்காது. நின்றால்தான் கேட்கும்.

"லூசி. போனைக் குடு."

அவள் கொடுத்தாள். பேசி அனுப்புகிற பொத்தான் எது என்று காட்டினாள். "அழுத்திப் புடிச்சுக்கினு பேசணும். விட்டா போயிடும்."

அழுத்திப் பிடித்தார். நொடிகள் ஓடின. இருபது. முப்பது. காகம் ஒன்று கத்தியது. யாரோ இரண்டு வரிசை தள்ளி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனி" என்றார். "அப்பா பேசறேன்."

சிலுவையின் அடியில் வைத்த பூவைப் பார்த்தார்.

"நீ கேட்டதுக்கு இல்லன்னு சொல்லணும். வாயில வரல. உன் மேல கோவம் இருந்துது. அது எனக்கே காலையிலதான் தெரிஞ்சுது. அந்தக் கோவம் தப்பு. தப்புன்னு தெரிஞ்சும் இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல." மூச்சு வாங்கினார். "அவனை அங்க சேத்துவிட்டது நான். அந்தக் கோவம் உனக்கு என் மேல இருக்கும்னுதான் நான் பேசாம இருந்தேன். அப்படி இருந்தா சொல்லு. இல்லன்னு பொய் சொல்லாத."

பொத்தானை விட்டுவிடப் போனவர், விடாமல், போனை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனார்.

"அப்பறம்... அந்த மஞ்சள் கட்டைய ரெண்டு காதுலயும் வச்சுக்கணும் பாப்பா. சும்மா பாக்கெட்ல போட்டு வச்சுக்காத. உள்ள போற வரைக்கும் உருட்டி உருட்டி வைக்கணும். போன காது திரும்பி வராது."

விரலை எடுத்தார். போய்விட்டது.

ஜெர்மனியில் அப்போது காலை ஆறு மணி இருக்கும். முதல் ரயிலில் அவள் அறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். தூங்கியிருக்கலாம். கோபத்தில் போனைக் கவிழ்த்துப் போட்டிருக்கலாம். லூசியம்மாள் கல்லறைமேல் படிந்திருந்த சாம்பல் தூசியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே திரும்பத் துடைத்தாள். சைமன்ராஜ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்திக்குக் கீழே இரண்டு சாம்பல் நிற டிக் குறிகள்; அவள் இன்னும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மெழுகுதிரி மூன்றாம் தடவை அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைவேல் சுவருக்கு வெளியே இரண்டு செங்கல்லைத் தேடி எடுத்து, சுவரின் மேல், லூசியம்மாளுக்கு எட்டும்படி வைத்துவிட்டு, திரும்பவும் மரத்தடிக்குப் போய்விட்டான். அவள் அவற்றை எடுத்துவந்து காற்று வருகிற பக்கம் நிறுத்தினாள். திரி இந்த முறை நின்று எரிந்தது.

போன் ஒரு தடவை அதிர்ந்தது.

ஜெனிஷாவிடமிருந்து பேச்சுச் செய்தி. நாலு நொடி. அவ்வளவுதான் நீளம்.

நாலு நொடியில் என்ன சொல்ல முடியும்? ஒரு பிள்ளை அப்பாவை விட்டு ஒரேயடியாகப் போய்விடுவதற்கும் அது போதும். வேறு எதற்கும் போதும். சைமன்ராஜின் விரல் அதன் மேலே போய், தொடாமல் நின்றது.

போனை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே போடு லூசி" என்றார். "எப்பவும் போடுவியே, அந்த மாதிரி. சத்தமா."

லூசியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பத்து மாதம் இருவரும் பேசாமலே கட்டிக் காத்த பாசாங்கு அந்த வெயிலில் உடைந்து கிடந்தது. போனை வாங்கி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் தூக்கி, அவருடைய கேட்கிற காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.